சிறுவயது நினைவிலிருந்து விசுவாசப் பாடம் எடுப்பது சரியா?

மார்ச் 3

ஒரு வாசகரின் கேள்வி, அவர் எழுதியபடியே: "சாட்சி சொல்கிற எல்லோருக்கும் ஜெபிக்கிற அம்மா, வேதம் வாசிக்கிற தாத்தா என்று யாராவது ஒருவர் இருக்கிறார். என் வீட்டில் அப்படி யாரும் இல்லை. சிறுவயதை நினைத்தால் சண்டைகளும் நடுவே சில நல்ல நாட்களும்தான் ஞாபகம் வருகின்றன. அதில் ஆவிக்குரிய பாடம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. இல்லாத பாடத்தை நாம் பிற்காலத்தில் உண்டாக்கிக்கொள்கிறோமா?"

சில பேர் உண்டாக்கிக்கொள்கிறார்கள், உண்மைதான். கையில் ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்துகிற சம்பவத்தைத் தேடினால் சம்பவம் வளைந்துகொடுத்துவிடும். நடந்ததை நடந்தபடியே வைத்துவிட்டு, வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நாம் எதிர்பார்க்காத பதில் வரும். அப்படி வந்த பதில்களைத்தான் நான் நம்புகிறேன்.

இன்னொன்று. பாடம் கிடைக்க நல்ல குடும்பம் வேண்டும் என்ற எண்ணம் வேதத்திலிருந்து வந்ததல்ல. ஈசாக்கு ஏசாவின்மேல் பட்சமாயிருந்தான், ரெபெக்காள் யாக்கோபின்மேல் அன்பாயிருந்தாள் என்று ஆதியாகமம் 25:28 ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. அந்த வீட்டில் வளர்ந்த யாக்கோபு அதையே தன் வீட்டிலும் செய்தான். பலவருண அங்கி யோசேப்புக்கு மட்டும். ஆசாரியன் ஏலி தன் மகன்களை அடக்கவில்லை. தாவீதின் வீட்டில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பவுல் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார் (2 தீமோத்தேயு 1:5). அவனுடைய தகப்பனைப் பற்றி நமக்குத் தெரிவது அவர் கிரேக்கர் என்பது மட்டுமே (அப்போஸ்தலர் 16:1). உங்கள் வீடு இந்த வரிசைக்கு வெளியே இல்லை.

மார்ச் 3, இரவு

உதாரணம் கேட்டார்கள். என்னுடையது ஒன்று.

வீட்டில் அலமாரிச் சாவி காணாமல் போனது. அண்ணன்தான் தொலைத்தான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். தேடி எடுக்காமல் படுக்கக் கூடாது என்று உத்தரவு. அண்ணன் வெகுநேரம் தேடினான். கடைசியில் சாவி அப்பாவுடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

விளக்கை அணைத்த பிறகு அப்பா எங்கள் அறைக்கு வந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "சாவி என்னிடம்தான் இருந்தது. உன்னைத் திட்டியது தப்பு. என்னை மன்னித்துவிடு" என்றார். வேலை அதிகம், களைப்பு, நீயும் முன்பு ஒருமுறை தொலைத்தாய் என்றெல்லாம் எதுவும் சேர்க்கவில்லை. எழுந்து போய்விட்டார். நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

"எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று குடும்ப ஜெபத்தில் தினமும் சொல்லுவோம். அந்த வரி பிள்ளைகளுக்கானது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்பாவும் அதைத் தனக்காகவே சொல்கிறார், அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. தேவபயம் பற்றி எத்தனையோ செய்திகள் கேட்டிருக்கிறேன். அந்தச் சில வாக்கியங்கள் அளவுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அப்பா எனக்கு எதையும் கற்றுக்கொடுக்க வரவில்லை. நான் விழித்திருப்பதே அவருக்குத் தெரியாது.

மார்ச் 5

"உங்கள் அண்ணன் இதைப் பற்றி என்ன சொல்கிறார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நேற்று அவனிடம் பேசினேன்.

அப்பா மன்னிப்புக் கேட்டது அவனுக்கு ஞாபகமே இல்லை. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடியது ஞாபகம் இருக்கிறது. "நீங்கள் யாருமே கூடத் தேட வரவில்லை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னான்.

இதைக் கேட்ட பிறகு சம்பவத்தை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். சத்தம் போட்டது எல்லோர் முன்னிலையில். மன்னிப்புக் கேட்டது இருட்டில், அவனிடம் மட்டும். எனக்கு அது போதுமானதாகப் பட்டது, ஏனென்றால் அவமானப்பட்டவன் நான் அல்ல. வரி வசூலிக்கிற சகேயு எழுந்து நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி, "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான் (லூக்கா 19:8). அந்த அளவை வைத்துப் பார்த்தால் அப்பாவின் மனந்திரும்புதல் உண்மையானது, ஆனால் பாதிதான் முடிந்தது. மறுநாள் காலை எங்கள் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணனுக்கும் ஞாபகம் இருந்திருக்குமோ என்னவோ.

இதனால் அந்த நினைவின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. அப்பாவை நேசிக்கிறேன். வேதத்தின் முன் வைத்துப் பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, அப்பா விஷயத்தில் மட்டும் பாதியில் நிறுத்த முடியாது.

அண்ணன் சொன்ன இன்னொரு பாதி எனக்கானது. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்ற கலாத்தியர் வசனம் எனக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம்.

மார்ச் 6

மனப்பாட வசனம் என்றதும் அக்கா ஞாபகம் வந்தது. கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

ஞாயிறு பள்ளியில் வாரம் ஒரு வசனம் ஒப்பிக்க வேண்டும், எந்த வசனம் என்பது அவரவர் விருப்பம். அக்கா தேடிக் கண்டுபிடித்தது: "இயேசு கண்ணீர் விட்டார்." அடுத்த வாரம்: "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." அதற்கும் அடுத்த வாரம்: "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்." பிறகு மறுபடி முதலிலிருந்து. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

ஆசிரியை திட்டவில்லை. "ஏன் கண்ணீர் விட்டார்? அடுத்த வாரம் வந்து சொல்" என்றார். அக்கா யோவான் 11-ஐ முழுவதும் வாசித்துவிட்டு வந்து, "செத்துப்போன லாசருவை எழுப்பப்போகிறேன் என்று தெரிந்தும் அழுகிறாரே, டீச்சர், ஏன்?" என்று திருப்பிக் கேட்டாள். வகுப்பு முழுக்க அதிலேயே போனது.

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறவன் அழக் கூடாது என்று துக்கவீட்டில் யாராவது பேசும்போதெல்லாம் அக்காவின் கேள்விதான் எனக்குப் பதிலாக நிற்கிறது.

மார்ச் 9

ஒரு சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் எதையும் எழுத முடியவில்லை. அவருடைய சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே அவருக்குக் கொடுமை நடந்திருக்கிறது. செய்தவர் சபையில் மதிக்கப்பட்டவர். வளர்ந்தபின் விசுவாசிகளிடம் சொன்னபோது, "இதிலும் தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும், யோசேப்பைப் பாருங்கள்" என்றார்களாம்.

சரி, யோசேப்பைப் பார்ப்போம். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற வாக்கியம் ஆதியாகமம் 50:20-இல் வருகிறது. அதைச் சொல்வது யார்? சொந்தச் சகோதரராலேயே குழியில் போடப்பட்டு, விற்கப்பட்டவன். போட்டவர்கள் சொல்லவில்லை, வேடிக்கை பார்த்தவர்கள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு விசுவாசியும் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாக வேறொருவர் அந்த வசனத்தைச் சொல்ல வேதத்தில் ஒரு முன்மாதிரியும் கிடையாது.

எப்போது சொன்னான் என்பதையும் கணக்கிடுங்கள். விற்கப்பட்டபோது 17 வயது. பார்வோன் முன் நின்றபோது 30. செழிப்பான 7 வருஷம், பஞ்சத்தில் 2 வருஷம் போனபின் சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்துகிறான். அப்போது சுமார் 39. அதன்பின் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து இறக்கிறார். அதற்கும் பிறகுதான் இந்த வார்த்தை. விற்கப்பட்டதிலிருந்து ஏறக்குறைய 39 வருஷம்.

நடுவில் அவன் என்ன சொன்னான்? முதல் மகன் மனாசே பிறந்தபோது, தன் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்றான் (41:51). ஆனால் சகோதரர்கள் வந்து நின்றவுடன் பழைய சொப்பனங்கள் நினைவுக்கு வந்தன; கடுமையாகப் பேசினான்; தனியாகப் போய் அழுதான். மறந்ததாக நினைத்ததும், மறக்காததும், அழுததும் எல்லாமே வேதத்தில் இருக்கிறது. அதையெல்லாம் தாண்டிக் கடைசி வசனத்துக்குத் தாவச் சொல்வது அநியாயம்.

சகோதரி, உங்களுக்கு நடந்ததில் நீங்கள் பாடம் எதையும் தேட வேண்டியதில்லை. வேதம் அதைப் பாவம் என்கிறது. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று சொன்னவர் இயேசு (மத்தேயு 18:6). "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்ற சங்கீதம் 27:10 உங்களுக்காகவும் எழுதப்பட்டது. கைவிட்டது நல்லதற்குத்தான் என்று அந்தச் சங்கீதக்காரன் எங்கேயும் சொல்லவில்லை.

மார்ச் 9, பிற்பகல்

மேலே எழுதியதோடு ஒன்று: இதைப் பற்றி நம்பிக்கையான ஒருவரிடம், முடிந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் பேசுங்கள். இன்றும் ஏதாவது பிள்ளைக்கு அந்த நபரால் ஆபத்து இருக்கும் என்றால் சட்டப்படி புகார் செய்ய வேண்டும். மன்னிப்பு வேறு, புகார் வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

மார்ச் 13

"நினைவையே நம்ப முடியாதே" என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

பெரியவர்களிடம் முதல் நினைவு எது என்று கேட்டால் சராசரியாக மூன்று, மூன்றரை வயதுக்குப் பிந்தையதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்னாலுள்ளவை என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் வீட்டார் சொல்லக் கேட்டவைதான் இருக்கும். 1995-இல் எலிசபெத் லோஃப்டஸ் என்ற உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். "சிறுவயதில் நீ ஒரு கடைவளாகத்தில் தொலைந்துபோனாய்" என்ற, நடக்கவே நடக்காத சம்பவத்தை, குடும்பத்தார் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். கலந்துகொண்டவர்களில் சுமார் கால்வாசிப் பேர் அது முழுதாகவோ பகுதியாகவோ தங்களுக்கு ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

அதனால் நினைவுகளை விட்டுவிடலாமா? விட வேண்டாம். லூக்கா என்ன செய்தார் என்று பாருங்கள். ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுகிறேன் என்கிறார் (1:3). விசாரிப்பது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல, சாட்சி சொல்கிறவனுக்கு அது கடமை. நான் கண்ணால் பார்த்தது இது, அம்மா சொல்லக் கேட்டது இது, நானாக ஊகிக்கிறது இது என்று பிரித்துச் சொன்னால் கதையின் கவர்ச்சி கொஞ்சம் குறையும். குறையட்டும். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை மேடையில் நிற்கும்போதும் செல்லும்.

அண்ணனுக்கு மன்னிப்பு ஞாபகம் இல்லாததும் இந்த வகையில் வருமா? நான் கனவு கண்டேனா? அதையும் யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். அப்பா அறையிலிருந்து திரும்பி வந்து, "பையனிடம் பேசிவிட்டேன்" என்று தன்னிடம் சொன்னதாக அம்மா சொன்னாள். எனக்கு அது போதும்.

மார்ச் 18

எல்லா நினைவிலும் பாடம் உண்டா? இல்லை என்பதே இப்போது என் எண்ணம். முன்பு இதில் அவ்வளவு உறுதி இல்லை.

மாலை ஜெபத்தில் அம்மா எங்கள் பெயர்களை வயது வரிசையில் சொல்லுவாள். அக்கா பெயர், அண்ணன் பெயர், என் பெயர். அப்புறம் ஒரு இடைவெளி. அதன் பிறகு தம்பி பெயர். தினமும் அந்த இடத்தில் நிற்பாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். சில நாள் அந்த இடைவெளியில் தம்பி தன் பெயரைத் தானே சொல்லிவிடுவான், நாங்கள் சிரிப்போம். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள்.

எனக்கு முதல் குழந்தை பிறந்த சமயத்தில்தான் சொன்னாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து, சில மணி நேரத்தில் இறந்துபோனது. பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் அந்த இடத்தில் எதுவும் சொல்லாமல் நின்றிருக்கிறாள், அத்தனை வருஷமும்.

இதை வைத்து ஜெபத்தைப் பற்றி நான் ஒரு செய்தியே தயாரிக்கலாம். மூன்று குறிப்புகளோடு, முடிவில் ஒரு அழைப்போடு. செய்ய மனம் வரவில்லை. அது அம்மாவும் தேவனும் பேசிக்கொண்டது. (இங்கே எழுத அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன். "எழுது, அப்படி ஒருத்தி வேறு எங்கேயாவது இருப்பாள்" என்றாள்.)

மரியாள் அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள் என்று லூக்கா 2:19 சொல்கிறது. இயேசுவின் 12-ஆம் வயதில் தேவாலயத்தில் நடந்த சம்பவத்திலும், அவர் சொன்னதைப் பெற்றோர் உணர்ந்துகொள்ளவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்திலேயே தாய் அதையும் இருதயத்தில் வைத்துக்கொண்டாள் என்கிறார். அர்த்தம் புரியாமலே பத்திரமாக வைத்திருக்கலாம். முதலில் கேள்வி கேட்ட வாசகருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் சண்டை நாட்களும் நல்ல நாட்களும் அப்படியே இருக்கட்டும். அவசரப்பட்டு அவற்றுக்குத் தலைப்பு வைக்காதீர்கள்.

மார்ச் 19

"பரலோகப் பிதா என்று சொல்லும்போதே எனக்கு அப்பாவின் முகம்தான் வருகிறது, ஜெபிக்க முடியவில்லை" என்று ஒருவர். இது நிறையப் பேருக்கு இருக்கும் சிக்கல்.

எபிரெயர் 12:10 எனக்கு இந்த இடத்தில் உதவியது. நம் தகப்பன்மார் "தங்களுக்கு நலமென்று தோன்றினபடி கொஞ்சக்காலம் சிட்சித்தார்கள், இவரோ" என்று ஆரம்பித்து வேறுபாட்டைக் காட்டுகிறது. தோன்றினபடி என்றால் தவறாகவும் தோன்றியிருக்கலாம். மத்தேயு 7:11-இலும் இயேசு பெற்றோர்களை "பொல்லாதவர்களாகிய நீங்கள்" என்றுதான் அழைக்கிறார். அப்படிப்பட்ட நீங்களே நல்ல ஈவுகளைக் கொடுக்கும்போது பிதா கொடுப்பது அதிக நிச்சயம் அல்லவா என்கிறார். தகப்பனைப் பெரிதாக்கித் தேவனை வரைய வேண்டாம். பிதாவை அறிந்துகொண்டு, அங்கிருந்து நம் தகப்பனைப் பார்க்கலாம்.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரை அவருடைய தாய் ஒரே ஒரு கொட்டைக்காக இரத்தம் வரும்வரை அடித்தாள் என்று அவரே பிற்காலத்தில் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார். நல்லதை எண்ணித்தான் செய்தார்கள் என்றும் சொன்னார், அளவு தெரியாமல் செய்தார்கள் என்றும் சொன்னார். அதே மனிதர் குடும்பங்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், கர்த்தருடைய ஜெபத்தின் தொடக்கத்தை விளக்கும்போது, அருமையான பிள்ளைகள் தங்கள் அருமையான தகப்பனிடம் கேட்பதுபோல் தைரியமாகக் கேளுங்கள் என்கிறார். அந்தத் தைரியம் அவருக்கு அவர் வளர்ந்த வீட்டிலிருந்து வந்திருக்காது.

மார்ச் 27

கொஞ்ச நாள் எழுதவில்லை. பழங்காலச் சபைப் பிதா அகஸ்டின் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'அறிக்கைகள்' என்ற நூலை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். 16 வயதில் பேரிக்காய் திருடியதைப் பற்றி அவர் எழுதியது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஒன்பதாம் புத்தகத்தில் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதிய ஒரு பகுதி.

மோனிக்கா சிறுமியாக இருந்தபோது பீப்பாயிலிருந்து திராட்சரசம் எடுத்துவர அனுப்புவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகிவிட்டாள். ஒருநாள் கூட வந்த வேலைக்காரி சண்டையில் அவளைக் குடிகாரி என்று குத்திக்காட்டினாள். அந்தச் சொல் சுட்டது, அன்றோடு விட்டுவிட்டாள். அந்த வேலைக்காரி திருத்துவதற்காகச் சொல்லவில்லை, நோகடிக்கத்தான் சொன்னாள், அதனால் புகழ் அவளுக்கு உரியதல்ல, குணமாக்கினவர் தேவன் என்கிறார் அகஸ்டின்.

தாய் 387-இல் இறந்து சுமார் பத்து வருஷம் கழித்து எழுதுகிறார். அவளுடைய விசுவாசத்தையும் கண்ணீரையும் எழுதியவர் இதையும் மறைக்கவில்லை. அம்மாவை நேசித்தபடியே அவளுடைய குறையை எழுத முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். கற்றுக்கொடுக்கும் எண்ணமே இல்லாத ஒருவரின் வாயிலிருந்து பாடம் வரும் என்பதற்கும்தான்.

ஏப்ரல் 4

கடைசியாக வந்த கேள்வி: "அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? எதிலும் பாடம் சொல்லக் கூடாதா?"

சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பேசு என்று உபாகமம் 6:7 கட்டளையிடுகிறது. ஆனால் அதே அதிகாரத்தில் 20-ஆம் வசனத்தைக் கவனியுங்கள்: பிள்ளை கேட்கிறான். யாத்திராகமம் 12:26-இல் பஸ்காவைக் குறித்தும், யோசுவா 4:6-இல் யோர்தானிலிருந்து எடுத்த 12 கற்களைக் குறித்தும் அப்படியே. பிள்ளை பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்கிறான். தகப்பன் அப்போது, "நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமையாயிருந்தோம்" என்று நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறான். அடிமையாயிருந்ததை மறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் இதை இப்படிச் செய்து பார்க்கிறோம். நானோ மனைவியோ சிறுவயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்லுவோம், நாங்கள் தோற்ற சம்பவங்களையும் சேர்த்துத்தான். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்பதில்லை. அவர்களாகக் கேட்டால் பதில் சொல்லுவோம். கேட்காவிட்டால் ஜெபித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுவோம். பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கு அடுத்த வாரமோ, சம்பந்தமே இல்லாத நேரத்தில் கேள்வி வருகிறது. சாவிச் சம்பவத்தைச் சொன்னபோது மகள் கேட்டது: "தாத்தா ஏன் விளக்கைப் போடவில்லை?" அண்ணன் சொன்னதை அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

எழுதி வைக்க விரும்புகிறவர்கள் எழுதுங்கள். சபையில் சாட்சியாகச் சொல்லவும் செய்யலாம். சொல்வதற்கு முன்னால், அந்தச் சம்பவத்தில் உங்களோடு இருந்த அக்கா, தம்பி யாராவது உயிரோடு இருந்தால் அவர்களிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.